அன்றைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் வியாழக்கிழமை சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கு அழைத்துப் போகிறோம். காலை ஐந்து மணிக்கு நம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து இரண்டு பேருந்துகள் கிளம்பும், இரவு ஒன்பது ஒன்பதரைக்குத் திரும்பிவிடுவோம். அனுமதிச் சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. விவரம் இவ்வளவுதான். மீதியைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஓர் இடத்துக்குப் போனபோது நாங்கள் ஒரு தப்பு செய்தோம். நாங்கள் என்றால் முதலில் நான். தொட்டுப் பார்க்க வேண்டும் என்றே செய்து வைத்திருந்த பொருட்களுக்கு நடுவில் பிள்ளைகளைக் கை கட்டி வரிசையாக நடக்கவிட்டு, பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னோம். அங்கே "தொடாதே" என்று சொல்ல ஆளே இல்லை, அந்த வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். ஒரு பையன் மட்டும் வரிசையிலிருந்து நழுவி, கப்பி மாட்டிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொண்டிருந்தான். நான் போட்ட சத்தத்தில் இறங்கிவிட்டான். தேவனாம்பட்டினத்துப் பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளைகள் பலகையில் இருந்ததையே வாசித்தார்கள். இவன்தான் எழுந்து, "கப்பி கூடக் கூடக் கனம் கொறையுது சார், ஆனா கயித்த நெறைய இழுக்கணும்" என்றான். அந்த நாற்காலியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

அதனால் இந்த முறை நோட்டு கிடையாது, கட்டுரை கிடையாது. நீங்களும் வழியனுப்பும்போது "எதையும் தொடாம பத்திரமா வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் அம்மாக்களுக்கு ஒரு விஷயம். அன்றைக்கு மட்டும் எண்ணெய் வழிய வைத்து இறுக்கி ரெட்டைச் சடை பின்ன வேண்டாம், பள்ளி விதியை அந்த ஒரு நாளுக்கு நானே தளர்த்துகிறேன். இந்த மாதிரி மையங்களில் வான் டி கிராஃப் என்று ஒரு உலோகக் கோளம் வைத்திருப்பார்கள், அதன்மேல் கை வைத்தால் உடம்பு முழுக்க மின்னேற்றம் பரவி, ஒவ்வொரு முடியும் பக்கத்து முடியைத் தள்ளிக்கொண்டு சிலிர்த்து நிற்கும். எண்ணெய்த் தலையில் அது நடக்காது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலும் மின்னேற்றம் தங்காமல் கசிந்துபோகும், ஆகவே கடலோரப் புழுக்கத்தில் சில நாள் பொம்மை மாதிரி சும்மா நிற்கும். அப்படி நின்றால் ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

கைப்பிடியைக் கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்கிப் பல்பு எரிய வைப்பதும் உண்டு. பழைய குண்டு பல்புக்குக் கை கடுத்துவிடும், எல்இடிக்கு லேசாகச் சுற்றினாலே போதும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து நீராவியால் சுற்றுவதும் இதே சுற்றுதான், அளவுதான் வேறு. ஃபேனை அணைக்காமல் பள்ளிக்கு வருகிற பிள்ளையை இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுற்றவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் "தானே" என்ற புயல் இங்கே அடித்தபோது இந்தப் பிள்ளைகள் அநேகமாகப் பிறந்திருக்கவே மாட்டார்கள். தகரமும் சிமெண்ட் ஷீட்டும் எப்படிப் பறந்தன என்று பயணத்துக்கு முன் வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள். பக்கவாட்டில் அடித்த காற்று கூரையை ஏன் மேலே தூக்கியது என்று கேட்டும் பாருங்கள். கூரைக்கு மேல் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, வீட்டுக்குள் இருக்கும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. இதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, ஊதும் காற்றில் அந்தரத்தில் மிதக்கும் பந்தைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

மையம் 1983-ல் தொடங்கியது. வளாகத்திலேயே பிர்லா கோளரங்கம் இருக்கிறது, அது 1988-ல் வந்தது. இருட்டு, ஏசி, விடியற்காலை எழுந்த பிள்ளைகள்: கோளரங்கத்தை மதியத்துக்கு வைத்தால் பாதிப் பேர் குறட்டை விடுவார்கள். எனவே காலையிலேயே, தமிழ்க் காட்சியாகக் கேட்டிருக்கிறோம்.

சாப்பாட்டுக்குப் புளிசோறு நல்லது, தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். செல்போன் வேண்டாம். கையில் ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். பேருந்துக் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. பேருந்துக்கு இரண்டு அம்மாக்கள் உடன் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் இப்படித் தொட்டுப் பார்க்கும் அறிவியல் கூடத்தை 1969-ல் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளுக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலை போய், மாடு வளர்த்து, பிறகு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். குப்பைமேட்டில் கிடந்த வண்டிச் சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியிருக்கிறார். குப்பைமேட்டுக்கு நமக்கென்ன பஞ்சம்! பயணம் முடிந்த அடுத்த வாரம் வீட்டில் ஓடாமல் கிடக்கும் மிக்ஸி, ரேடியோ, ஃபேன் மோட்டார் எதுவானாலும் கொடுத்தனுப்புங்கள், பிள்ளைகள் கழற்றிப் பார்க்கட்டும். பழைய டிவி மட்டும் வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும். மெக்கானிக், எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்த அப்பாக்கள் ஒரு மணி நேரம் வந்து பக்கத்தில் நின்றால் ரொம்ப நல்லது. கழற்றியதை மறுபடி மாட்டித் தருவோம் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

அனுமதிச் சீட்டு திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்