அரசியர் வரிசையில் பவுலினாவுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் வெளிவரும் அயல்நாட்டு அரசியர் பற்றிய கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் இடம்பெற்றவர்களில் பெரும்பாலோர் படை நடத்தியவர்களாகவோ பேரரசு ஆண்டவர்களாகவோ இருக்கின்றனர். ஜெர்மனியில் லிப்பே என்னும் சிற்றரசை 1802 முதல் 1820 வரை தம் மகனுக்காக ஆண்ட இளவரசி பவுலினாவையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டுகிறேன். பேரனுக்காக மதுரையை ஆண்ட மங்கம்மாளை அறிந்த நம் மக்களுக்கு இத்தகைய ஆட்சி புதியதன்று.

பவுலினா 1769 பிப்ரவரி 23 அன்று அன்ஹால்ட்-பெர்ன்பர்க் அரச குடும்பத்தில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்த அவரைத் தந்தை பிரீட்ரிக் ஆல்பர்ட் தம் பொறுப்பிலேயே வளர்த்து, மகன் அலெக்சியஸுக்கு நிகராகக் கல்வி தந்ததோடு, பதின்பருவத்திலேயே அரசாங்க அலுவல்களிலும் துணையாக வைத்துக்கொண்டார். பவுலினாவின் பிற்காலச் சாதனைகளில் பாதி அந்தத் தந்தைக்கே உரியது என்பேன்.

1796இல் லிப்பே இளவரசர் லியோபோல்டை மணந்தார். கணவர் மனநோயால் அவதியுற்றவர். லியோபோல்டு, பிரீட்ரிக் என இரு மகன்கள் பிறந்தனர். மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தை அன்றே இறந்தது. 1802 ஏப்ரலில் கணவர் மறைந்தபோது மூத்த மகனுக்கு வயது 5. மகன் வளரும்வரை ஆட்சிப் பொறுப்பு பவுலினாவுக்கே என்று திருமண உடன்படிக்கையில் எழுதியிருந்தும், பெண் ஆள்வதை அந்நாட்டு மன்றத்தார் எதிர்த்தனர்.

அதே 1802இல், கோடையிலும் அறுவடைக் காலத்திலும் வயல் வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளுக்காக டெட்மோல்டு நகரில் பகல்நேரக் காப்பகம் ஒன்றை அவர் திறந்தார். பால்குடி மறந்த குழந்தைகளைத் தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துச் செல்வார்கள். தொழிற்பள்ளியில் பயின்ற பெரிய பெண்கள் பார்த்துக்கொள்ள, வசதியுள்ள வீட்டுப் பெண்கள் முறைவைத்து மேற்பார்வை செய்தனர். நம் நாட்டில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கென ஓர் அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்தான் கூறியது. திருப்பூரில் தாய் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போய்விட, பள்ளிக்குப் போக வேண்டிய அக்காள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லைன் வீட்டு வாசலில் நிற்பதை இன்றும் காண்கிறோம். ஆகையால் இவ்வரலாறு நமக்குத் தொலைவானது என்று நான் எண்ணவில்லை.

1809 ஜனவரி 1 முதல் பண்ணையடிமை முறையையும் அவர் ஒழித்தார். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் பாதுகாப்பில் இருந்த ஜெர்மன் அரசுகளின் கூட்டமைப்பில் 1807இல் சேர்ந்து நாட்டின் தன்னாட்சியைக் காத்துக்கொண்டாலும், அதற்கு விலையாக லிப்பே இளைஞர்களைப் பிறர் போருக்கு அனுப்ப நேர்ந்தது. கட்டுரையில் இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மகனின் திறமையில் நம்பிக்கையின்றி, அவருக்கு 23 வயதான பிறகே, 1820 ஜூலையில் ஆட்சியை ஒப்படைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று காலமானார்.

அவர் பெயரிலுள்ள அறநிலையம் டெட்மோல்டில் இன்றும் குழந்தைகள் காப்பகங்களை நடத்தி வருகிறது. அவை நடைபெறும் முறையையும் கட்டுரையில் விரிவாக எழுதினால், இங்குள்ள ஆலை உரிமையாளர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அவிநாசி.