நாலு தடவை தண்ணீர்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கும்பகோணத்தில் ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. சித்தி வீட்டு விஷயம் நீ போகும்போது இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

போன மாதம் வீடியோவில் பேசினாயே, பத்து நிமிடத்தில் நாலு தடவை தண்ணீர் குடித்தாய். இங்கிலாந்துக் குளிரில் அவ்வளவு தாகமா? ஹீட்டர் போட்டால் தொண்டை வறளும் என்பார்கள், அதுவாக இருக்கும். கன்னமும் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு பற்றி நீ அனுப்பிய கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். போரானிக் அமிலம் சர்க்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இரண்டு ஓ.எச்.சைப் பிடிக்கும், பிடித்ததை விட்டும்விடும் என்பது வரை புரிந்தது. அதோடு ஒட்டியிருக்கும் ஆந்திரசீன் என்ற ஒளிரும் பகுதியை ஒளிர விடாமல் ஒரு நைட்ரஜன் அணைத்துக்கொண்டே இருக்குமாம். சர்க்கரை வந்து ஒட்டியதும் அது போரான் பக்கம் சாய, ஆந்திரசீன் ஒளிரும். 1994இல் ஜப்பானில் ஜேம்ஸும் ஷின்காயும் செய்தது. ஒற்றைப் போரான் குளுக்கோஸை விட்டுவிட்டு ஃப்ரக்டோஸிடம் ஓடும், அதனால் அளந்து இடைவெளி விட்டு இரண்டு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் சிரித்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுநீரில் சர்க்கரை பார்க்க பெனடிக்ட் திரவம்தான். 5 மில்லி நீலத் திரவம், 8 சொட்டு சிறுநீர், கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. பால் கொடுக்கிற தாய்மாருக்குச் சிறுநீரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை வந்தாலும் நிறம் மாறும். எந்தச் சர்க்கரை என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் மூலக்கூறை என் மகள் செய்கிறாள் என்று டீக்கடையில் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை.

அம்மா திதிக்குத்தான் நீ வரவில்லை. சோதனையைப் பாதியில் விட்டு வர முடியாது என்றாய். கேட்டவர்களிடம் நானும் அதையே சொன்னேன். அதிலும் ராமு மாமா இரண்டு தடவை கேட்டார்.

தோலுக்கடியில் வைக்கும் சென்சார் பற்றிக் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 2018இல் அமெரிக்காவில் 90 நாளுக்கு அனுமதி கிடைத்தது, இப்போது ஒரு வருஷத்துக்கு. அதற்குள்ளும் இந்தப் போரான்தான். சர்க்கரை இறங்கினால், மேலே ஒட்டிய கருவி ராத்திரித் தூக்கத்திலும் கையில் அதிருமாம். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அம்மாவின் பச்சை டப்பாவில் ரத்தச் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் எல்லாம் நமுத்துக் கெட்டுப்போயிருந்தது, அதனால்தான் தெரியாமல் போயிற்று என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பொய். பதினோரு ஸ்ட்ரிப் நன்றாகவே இருந்தது. "வாரத்துக்கு ஒண்ணு போதும், வீணாக்காதே" என்று அவளிடம் சொன்னவன் நான். அன்றைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, அரை இட்லியோடு படுத்துவிட்டாள். நடுராத்திரி தொட்டுப் பார்த்தேன், ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. அக்னி நட்சத்திரப் புழுக்கம் என்று ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் போதும். அந்தக் கெட்ட ஸ்ட்ரிப்பை நினைத்துத்தான் நீ இந்த ஆராய்ச்சிக்கே போனாய். எத்தனை நாளைக்கு மறைப்பது?

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாயிக்கும் இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது. தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய்? உங்கள் லேபில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மீட்டர் வைத்திருப்பீர்கள்தானே.

எனக்கு இன்று காலை வெறும் வயிற்றில் 138. உன்னுடையதையும் எழுது.

அப்பா