பூதம் வரையக் காசு வேண்டாம், பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடிந்துபோன அமானுஷ்யத் தொடர்களைக் காமிக்ஸாகத் தொடரலாம், கிராபிக்ஸ் செலவே இருக்காது என்று தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். யோசனை அருமையானது. அதற்குச் சொன்ன காரணம்தான் ஆபத்தானது. அதே காரணத்தால் உற்சாகமடைந்து அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய முயற்சி எங்கே தடுமாறியது என்பது அந்த காமிக்ஸ் இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது.

‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொலைக்காட்சித் தொடர் 1997 மார்ச்சில் தொடங்கி 2003 மே மாதம் முடிந்தது. ஏழு சீசன், 144 எபிசோடு. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் சக்தி ஒரு காலத்தில் ஒரு பெண்ணுக்குத்தான் என்ற விதியைக் கடைசி எபிசோடில் உடைத்துவிட்டார்கள். தகுதி இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் சக்தி போய்ச் சேர்ந்தது. கதை நடந்த ஊரே குழியாக இறங்கியது. பழைய கணக்கு தீர்ந்து புதிய கேள்வி ஒன்று பிறந்த முடிவு அது. தொடர்ச்சிக்கு ஏற்ற விதை அப்படிப்பட்ட முடிவில்தான் கிடைக்கும். 2007 மார்ச்சில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் ‘எட்டாம் சீசன்’ என்ற பெயரிலேயே காமிக்ஸைத் தொடங்கியது. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே முதல் இதழ்களை எழுதினார். டிவியில் எழுதிய ட்ரூ காடர்ட், ஜேன் எஸ்பென்சன் போன்றவர்களும் வந்தார்கள். ஜார்ஜஸ் ஜான்டி படம் வரைந்தார். 2008இல் சிறந்த புதிய தொடருக்கான, காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதும் கிடைத்தது.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். கதாநாயகி பஃபியின் தங்கை கட்டடம் உயரத்துக்கு வளர்ந்தாள். டோக்கியோ தெருவில் அவளைப் போலவே செய்த ராட்சத ரோபோவோடு மோதினாள். திபெத்தில் ராட்சத தேவதைகள் எழுந்து நின்றார்கள். பஃபி வானத்தில் பறந்தாள். எல்லாமே வரையக்கூடியவை, எதற்கும் ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆனால் டிவி தொடரை மக்கள் நேசித்தது பள்ளிக்கூட நூலகத்துக்காகவும், சமையலறை மேசைக்காகவும், சண்டை முடிந்து வீடு திரும்பும்போது நண்பர்கள் பேசிக்கொண்டதற்காகவும். பூதத்தை நிறைய நேரம் காட்டக் காசில்லாததால்தான் அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைத்தது. 2011 ஜனவரியில் வந்த 40ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் வீடனே இதை ஒப்புக்கொண்டார்: எல்லையில்லாத பட்ஜெட் கையில் வந்த உற்சாகத்தில் கொஞ்சம் எல்லை மீறிவிட்டேன், வாசகர்களுக்கும் எனக்கும் பிடித்தது அந்த மனிதர்களைத்தான் என்று. ஒன்பதாம் சீசனில் பஃபி சான்பிரான்சிஸ்கோவில் அறைத்தோழர்களோடு தங்கி, காபிக் கடையில் வேலை பார்த்தாள். அந்த மாற்றம் சரியானது என்பதே என் கருத்து.

காமிக்ஸிலும் பட்ஜெட் உண்டு. அது பக்கக் கணக்கு. மாத இதழ் ஒன்றில் கதைக்கு 20 முதல் 22 பக்கம். பக்கத்துக்குச் சராசரியாக ஐந்து படக் கட்டம் என்றால் மொத்தம் 100 முதல் 110 கட்டம். வசனம் எழுதும் ஒரு பலூனில் 25 ஆங்கிலச் சொற்களைத் தாண்டினால் படம் மூச்சுத் திணறும். ஒரு பக்கத்தில் 200ஐத் தாண்டினால் வாசகர் படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படிப்பார். 42 நிமிட எபிசோடு ஒன்றின் கதையை அப்படியே போட்டால் மூன்று நான்கு இதழ் பிடிக்கும், அதாவது மூன்று நான்கு மாதம். ராட்சத ரோபோவை முழுப்பக்கத்தில் வரைந்தால் ஐந்து கட்டம் போயிற்று. அந்த ஐந்து கட்டத்தில் இரண்டு நண்பர்களின் மனத்தாங்கலைத் தீர்த்திருக்கலாம். பூதத்தின் உண்மையான விலை அதுதான்.

டிவி எழுத்தாளர்கள் காமிக்ஸுக்கு வரும்போது முதலில் சறுக்குவது வசனத்தில். நடிகர் ஒரு நொடி தாமதித்துச் சொன்னதால் சிரிப்பு வந்த வரி, பலூனுக்குள் செத்துக் கிடக்கும். அந்தத் தாமதத்தைப் பேச்சில்லாத ஒரு கட்டமாகத்தான் வாங்க வேண்டும்: அதே முகம், அதே கோணம், பலூன் இல்லை. ஒரு கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். இதைப் பென்சில் வேலைக்கு முன்பே, சிறு முன்வரைவு போடும் நிலையிலேயே பார்த்துவிட வேண்டும். பிறகு கண்டுபிடித்தால் பேசுபவரைச் சுட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்; சரிசெய்யப் படத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

அமானுஷ்யக் கதைக்குப் பயம் வேண்டும். டிவியில் பின்னணி இசை அதைச் செய்தது. காகிதத்தில் அந்த வேலையைச் செய்வது பக்கம் புரட்டும் கை. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்க வேண்டும். உள்ளே நிற்பது தாளைப் புரட்டிய பிறகே தெரிய வேண்டும். நடுவில் ஒரு விளம்பரப் பக்கம் இடம் மாறினாலும் இரண்டும் எதிரெதிரே விழுந்து பயம் பாழாகும். ஆகவே விளம்பரங்களின் இடம் முடிவான பிறகே எழுத்தாளர் பக்க எண்களை உறுதி செய்ய வேண்டும். இருட்டிலும் சிக்கல் உண்டு. நான்கு அச்சு மைகளின் கூட்டு அடர்த்தி, ஒவ்வொரு மையும் அதிகபட்சம் 100 சதவீதம் என்ற கணக்கில், பளபளப்புத் தாளில்கூட 300 சதவீதத்தை ஒட்டி நின்றுவிட வேண்டும். சாதாரணத் தாளில் இன்னும் குறைவு. மீறினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும், இரவுக் காட்சி சேறாகும். எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிட வேண்டும். இல்லையென்றால் அச்சுத் தகடு இம்மி விலகினாலும் ஓரங்களில் நிறம் கசியும்.

முகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏழு வருடம் பார்த்த நடிகையின் முகம் வாசகர் மனதில் இருக்கிறது. தொடரின் புகைப்படங்களைப் போட்டு நகலெடுத்தால் ஜாடை வரும், உயிர் வராது. கட்டத்துக்குக் கட்டம் பொம்மையை வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். எட்டாம் சீசனில் நல்ல தீர்வு கண்டார்கள். ஜோ சென் வரைந்த அட்டையில் நடிகர்களின் அச்சு அசலான முகம். உள்ளே ஜான்டியின் எளிமையான கோடு. கட்டத்தில் முகம் இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த அளவில் ஆளைக் காட்டிக்கொடுப்பது கூந்தலின் வடிவமும் நிற்கும் விதமும்தான். டிவியிலேயே இடக்கண்ணை இழந்த, பஃபியின் நண்பன் ஸாண்டருக்குக் கண்பட்டை இருந்தது ஓவியருக்கு வரம். ஆனால் வசதிக்காக ஒரு கட்டத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டால் கண்பட்டை வலக்கண்ணுக்குப் போய்விடும். எல்லாப் பாத்திரங்களுக்கும் முன், பக்கம், பின் என மூன்று கோணப் படம் வரைந்து முதலிலேயே ஒப்புதல் வாங்கி வைப்பது பிற்பாடு பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

நல்ல ஓவியர் நாளுக்கு ஒரு பக்கம் பென்சிலில் முடிப்பார். 22 பக்கத்துக்கு நான்கைந்து வாரம். ஒரு காய்ச்சல் வந்தால் மாத இதழ் தவறும். அதனால்தான் ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இடையில் வேறு ஓவியர் வரையும் தனி இதழ் வரும். எட்டாம் சீசனின் 40 இதழ் முடிய நான்கு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. டிவியில் 22 எபிசோடு எட்டு மாதத்தில் ஓடிவிடும். ஜனவரியில் போட்ட முடிச்சை அடுத்த வருடம் அவிழ்த்தால் வாசகருக்கு நினைவிருக்காது. கதையின் பெரிய முடிச்சு எதுவும் பன்னிரண்டு இதழைத் தாண்டக் கூடாது என்பேன். இன்னொன்று, கடைகள் முன்பதிவு செய்வதற்காக அட்டையும் சுருக்கமும் ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே வெளியே போகும். முகமூடி வில்லன் யார் என்ற ரகசியம் எட்டாம் சீசனில் உரிய இதழ் வருமுன்பே அட்டைப்படம் வழியாகக் கசிந்துவிட்டது. அப்படிப்பட்ட இதழுக்கு ஒரு பொய் அட்டை வரைந்து வைத்திருப்பது அவசியம்.

உரிமை விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் தேவை. பஃபியின் கிளைத் தொடரான ‘ஏஞ்சல்’ 2004இல் முடிந்தது. அதன் காமிக்ஸ் உரிமை ஐடிடபிள்யூ நிறுவனத்திடம் இருந்ததால், 2007 நவம்பரில் தொடங்கி 17 இதழ்களில் வந்த தொடர்ச்சி வேறொரு வீட்டில் நடந்தது. ஒரே உலகத்தின் இரண்டு கதைகள், இரண்டு பதிப்பகங்கள். ஒன்றில் நடப்பது மற்றதில் எதிரொலிப்பது எளிதாக இருக்கவில்லை. ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ என்ற டிவி தொடரின் கதி வேறு. 2013இல் ஐடிடபிள்யூ ‘பத்தாம் சீசன்’ தொடங்கியபோது தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரின் பெயரும் அதில் இருந்தது. 2016 ஜனவரியில் டிவி தொடரே மறுபடி வந்தது, காமிக்ஸில் நடந்ததைக் கணக்கில் எடுக்காமல். இன்று ‘பத்தாம் சீசன்’ என்று இரண்டு இருக்கின்றன. படைப்பாளியே கூட இருந்தாலும் காமிக்ஸ் கதையை மதிப்போம் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட உத்தரவாதம் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தமிழில் செய்வதென்றால் எழுத்து அமைப்பிலேயே ஒரு வேறுபாடு உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து மொழிபெயர்ப்புச் சித்திரக்கதை படிப்பவர்களுக்கு இது கண்ணுக்குப் பழகியதுதான். ஆங்கில காமிக்ஸ் பெரும்பாலும் கேப்பிடல் எழுத்தில் மட்டும் அச்சாவதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் மேலே இகரக் குறியும் கீழே உகரக் குறியும் இடம் கேட்கும், சொற்களும் நீளம். தமிழிலேயே எழுதப்படும் தொடருக்குப் பலூனை முதலில் வரைந்து, மிச்ச இடத்தில் படத்தை அமைக்கலாம். ஒரு பலூனுக்குப் பதினைந்து சொல், பக்கத்துக்கு நான்கு கட்டம் என்று வைத்தால் எழுத்து சுருங்காமல் நிற்கும்.

தயாரிப்பாளர், கதாசிரியர், தொலைக்காட்சி நிறுவனம் ஆகியோரின் உரிமை ஒருபுறம். நடிகர்களின் முகத்தைப் பயன்படுத்தும் சம்மதம் தனி. இங்கே யாராவது முன்வந்தால் இவை எழுத்தில் கைக்கு வந்து, முதல் நான்கு இதழ்களின் ஓவியமும் முழுதாக முடிந்த பிறகு முதல் இதழின் தேதியை அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர் ஒருவர்,
மதுரை