கதவுள்ள ஓர் அறை வேண்டும்

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களுக்கும், கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்

வணக்கம்.

ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறேன். திருமணமாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவர். மாமியார் எங்களோடு இருக்கிறார். சென்ற ஆண்டு ஏழு மாதம் நானும் என் கணவரும் காணொளி வழியாகக் குடும்பநல ஆலோசகர் ஒருவரிடம் பேசிவந்தோம். அந்தச் சந்திப்புகளில் பாதிக்கு மேல் நடந்தது எங்கள் பேட்டையின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில், ஐந்தாம் தளத்தில், கணவர் வேலைக்கு ஓட்டும் வேனுக்குள். அந்த வேனைப் பற்றிச் சொன்னால்தான் நான் கேட்கவந்தது உங்களுக்குப் புரியும்.

இரவு ஒன்பதேகாலுக்குக் குப்பை கொட்டப்போவது போல் ஒருவர் பின் ஒருவராக இறங்குவோம். முன்கண்ணாடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அது வழுக்காமல் இருக்க ஒரு துணியை மடித்து முட்டுக் கொடுப்போம். நிறுத்திய வண்டியில் என்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். அதனால் ஏர்கான் கிடையாது. கண்ணாடியை இறக்கினால் பேச்சு வெளியே போகும் என்று ஏற்றியே வைத்திருப்போம். ஐம்பது நிமிடத்தில் இருவர் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது வண்டியை எடுக்க வந்தால் முகப்பு விளக்கின் வெளிச்சம் எங்கள் முகத்தில் அடிக்கும். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா கைப்பேசியைப் பார்ப்பது போல் இருப்போம். ஒருநாள் அந்த வெளிச்சம் போன பிறகு என் கணவரால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை. அன்று அவர் சொல்ல வந்தது எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று படுக்கையறையில் ஒன்று எங்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று அத்தைக்கு. பக்கத்து அறையில் தும்மினால் எங்கள் அறையில் கேட்கும். முதல் இரண்டு வாரம் படுக்கையறையில்தான் உட்கார்ந்தோம். 'அலுவலகக் கூட்டம்' என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். எட்டு மாதம் கழித்து என் மகள் சொன்னாள்: காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் கேட்டாளாம். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிடுவார்கள் என்று தனக்குள்ளேயே முடிவு செய்து, தம்பியிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

முதலில் எங்களுக்குக் கிடைத்த ஆலோசகர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் பேசுபவர். நான் இங்கே பிறந்து வளர்ந்தவள். என் கணவர் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவர். வேலையிடத்தில் ஆங்கிலம் தாராளமாகப் பேசுவார். ஆனால் 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று ஆலோசகர் கேட்டால் 'ஓகே' என்பார். மூன்று வாரம் அந்த ஒரே சொல்தான். இவருக்கு அக்கறையே இல்லை என்று நான் நினைத்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னேன்.

பிறகு தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் எடுத்த எடுப்பில் மனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "வீட்டுக்கு வரும்போது உடம்பில் எங்கே என்ன செய்கிறது?" என்று கேட்டார். என் கணவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "லிஃப்டில் பதினோராம் மாடிப் பொத்தானை அழுத்தும்போதே அடிவயிறு கலங்கும்" என்றார். "கதவைத் திறக்கும்போது நெஞ்சில் ஏறிவிடும். பேசினால் தப்பாகப் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வேன்." பதினேழு ஆண்டில் அவர் வாயிலிருந்து அந்தச் சொற்களை நான் கேட்டதில்லை.

அன்று ஆலோசகர் விளக்கியது எங்கள் வீட்டையே படம் பிடித்தது போல் இருந்தது. ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்பார். மற்றவர் பின்வாங்கிப் பின்வாங்கி மௌனத்துக்குள் போவார். மௌனம் கூடக்கூடக் கேள்வி கூடும், கேள்வி கூடக்கூட மௌனம் இறுகும். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதியரைச் சோதனைக்கூடத்தில் பேசவிட்டு இதயத் துடிப்பை அளந்து பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள் என்பது அவர் சொல்லும் வழி. வாயடைத்து நிற்பவர் பெரும்பாலும் திமிரில் நிற்பதில்லை, உள்ளே வெள்ளம் ஏறி நிற்கிறார் என்று அறிந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அந்த வேன்தான் இருந்தது.

பிறகு மாமியாரையும் பிள்ளைகளையும் சேர்த்து நான்கு அமர்வுகள். அவற்றை வீட்டுக் கூடத்திலேயே நடத்தினோம். முதல் அமர்வு தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் ஆலோசகர் கேட்டார்: "திரையின் ஓரத்தில் ஒரு புடவைத் தலைப்பு மட்டும் தெரிகிறதே, அது யார்?" நாங்கள் நால்வரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். அத்தையைப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். வேண்டுமென்று செய்யவில்லை. யாருக்கும் அது உறைக்கவே இல்லை. குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினூச்சின், யார் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதிலேயே ஒரு குடும்பத்தைப் படித்துவிடுவாராம். சிகிச்சையின் நடுவே இடம் மாறி உட்காரவும் சொல்வாராம். எங்கள் ஆலோசகரும் அதைத்தான் செய்தார். கைப்பேசியை இரண்டு அடி பின்னால் தள்ளி வைத்து அத்தையை நடுவில் உட்கார வைத்தோம். "ஊரில் இருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது, இந்த வீட்டில் எனக்கு எது இடம் என்று தெரியவில்லை" என்று அவர் அன்று சொன்னார். ஐம்பது நிமிடத்தில் அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

திரைவழிச் சிகிச்சை ஏதோ நேற்று முளைத்தது என்று உங்களில் சிலர் எண்ணலாம். 1959இலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருவழித் தொலைக்காட்சி மூலம் குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கே கோவிட் ஊரடங்கான கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது பலருக்கு அதுவே ஒரே வழியானது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொளிச் சிகிச்சை நேரடிச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இணையான பலன் தருகிறது என்று ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. ஷிப்டு வேலை பார்ப்பவருக்கும், முதியவரை வீட்டில் தனியே விட முடியாதவருக்கும், ஆலோசனை நிலைய வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சுபவருக்கும் இது பெரிய வரம். உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே குரலைத் தாழ்த்திக்கொண்ட தலைமுறையில் வளர்ந்தவள் நான். அந்த அச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். 2016இல் மனநலக் கழகம் நடத்திய ஆய்வில், மனநலப் பாதிப்புக்கு ஆளானவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் எந்தத் தொழில்முறை உதவியும் நாடவில்லை என்று தெரிந்தது.

இப்போது அவசரத்துக்குக் கூப்பிட எண்கள் இருக்கின்றன. மனநல உதவிக்கு 2025இல் தொடங்கிய 1771 இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவருக்கு 1767 இருக்கிறது. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. ஆனால் அந்த முதல் அழைப்புக்குப் பிறகு, வாரம் ஒருமுறை ஐம்பது நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டிய நீண்ட வேலை ஒன்று இருக்கிறதே, அதற்கு உட்கார இடம் எங்கே?

எங்கள் நிலைமையாவது தேவலாம். 2021இல் அறிவிக்கப்பட்ட மேம்பட்ட தரநிலையில் கட்டப்படும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில்கூட ஓர் அறையில் 12 பேர் வரை தங்கலாம். மனைவி புதுக்கோட்டையிலும் கணவர் இங்கே துவாஸிலும் இருந்தால், ஆலோசகரையும் சேர்த்து மூன்று திரை. அந்த மனிதர் பதினோரு பேர் நடுவே கட்டிலில் உட்கார்ந்து தன் திருமணத்தைப் பற்றி என்ன பேசுவார்? படிக்கட்டில் நின்று பேசுவார். மின்தூக்கி திறக்கும் ஓசை கேட்டால் குரலை மாற்றிக்கொள்வார்.

அடிக்கும் கையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். வீட்டுக்குள்ளிருந்து அவர் பேசுவதே ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவதையும் பொறுப்புள்ள ஆலோசகர்கள் தவிர்ப்பார்கள். அமர்வு தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் எங்கள் ஆலோசகர், "இப்போது எங்கே இருக்கிறீர்கள்? பக்கத்தில் வேறு யாராவது உண்டா?" என்று கேட்பார். சடங்குக்குக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் உதவியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதற்காகக் கேட்கிறார். வேனில் இருந்த நாள்களில் வாகன நிறுத்துமிடத்தின் எண்ணையும் தளத்தையும் சொல்வேன்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே தமிழில் பேசும் ஆலோசகர் கிடைக்காமல், பலர் சென்னையில் இருப்பவர்களிடம் காணொளியில் பேசுகிறார்கள். கட்டணம் குறைவு, தமிழ் இயல்பாக வரும், இரண்டரை மணி நேர வித்தியாசம் இரவுப் பேச்சுக்கு வசதி. அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் தோழி ஒருத்தி கணவர் அடித்ததைச் சொன்னபோது, அவளுடைய ஆலோசகருக்கு பெண்களையும் குடும்பத்தையும் காக்க இங்குள்ள மாதர் சாசனம் என்ற சட்டமும் தெரியவில்லை, தனிநபர் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று நீதிமன்றத்தில் வாங்கலாம் என்பதும் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்" என்றாராம். அவள் பொறுத்துப் பார்த்தாள்.

எல்லா இனத்துச் சிங்கப்பூர்வாசிகளிலும் 2010இல் வீட்டில் தமிழை அதிகம் பேசியோர் 3.3 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடு. இந்தச் சரிவைப் பற்றி உங்கள் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறீர்கள். நானும் கீழே உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். மாமியார் தமிழில் அழுகிறார், மகள் ஆங்கிலத்தில் கோபப்படுகிறாள், இருவரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். இரண்டு மொழியையும் ஏந்திக்கொள்ளும் ஆலோசகர் இருந்தால்தான் அந்தக் குடும்பம் ஒரு பேச்சுக்குள் வரும். தமிழுக்கு இதைவிட அவசரமான வேலை எனக்குத் தெரியவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தீவு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூக மன்றங்கள் இருக்கின்றன. கோயில்களில் மண்டபங்கள் இருக்கின்றன. தமிழ் அமைப்புகளுக்குச் சொந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பயன்படாமல் கிடக்கும் ஒரு சிறிய அறையை, வார நாள்களில் இரவு எட்டிலிருந்து பத்தரை வரையிலும் ஞாயிறு பிற்பகலிலும், திரைவழி ஆலோசனைக்கென்று திறந்துவிடுங்கள். நான்கைந்து நாற்காலி, ஒரு மேசை, மின்செருகி, தடங்கல் இல்லாத இணையம், மெல்லிழைத்தாள் பெட்டி ஒன்று. பூப்பந்துத் திடலை ஒட்டிய அறை வேண்டாம். உள்ளே கண்காணிப்புக் கேமரா வேண்டாம். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும்.

கதவில் பெயர்ப்பலகை மாட்டாதீர்கள், தயவுசெய்து. 'மனநல அறை' என்று எழுதிவிட்டால் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். அறை எண் போதும். முன்பதிவில் எதற்கு என்று கேட்கும் கட்டம் இருக்கக் கூடாது. திறப்பு விழாவும் வேண்டாம், படமும் வேண்டாம்.

அந்த அறையில் நீங்கள் ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை. நல்ல மனத்தோடுதான் சொல்வீர்கள், ஆனால் 'விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் பல பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சாவியைக் கொடுங்கள், போதும். தமிழ் பேசும் ஆலோசகர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தால் மிகவும் நல்லது. ஆனால் இங்கே ஆலோசகர் என்று பெயர் போட்டுக்கொள்ளச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆகவே சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தில் பதிவு பெற்றவரா, எங்கே பயிற்சி பெற்றார், மூத்த ஆலோசகர் ஒருவரின் மேற்பார்வையில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும்.

கோயில் குழுவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், கப்பலில் வந்து இறங்கிய நம்மவர்களுக்கு வேலை கிடைக்கும்வரை தங்க இடம் கொடுத்த கோயில். இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் ஒரு காலத்தில் இருந்தது. போக்கிடம் இல்லாதவனுக்குத் திண்ணை கொடுத்ததும், இரண்டு பேரைச் சேர்த்து வைத்ததும் கோயில்தான். அப்படிச் சேர்ந்தவர்கள் மறுபடி பேசிக்கொள்ள ஓர் அறை கேட்பது புதிய வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று இடத்தில் தொடங்கினால் போதும். வடக்கே ஒன்று, தேக்கா வட்டாரத்தில் ஒன்று, விடுதிகள் இருக்கும் மேற்கே ஒன்று. ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். யார் வந்தார் என்று எழுதாமல், எத்தனை மணி நேரம் அறை பயன்பட்டது என்று மட்டும் எழுதி வையுங்கள்.

ஈசூனில் இப்படி ஓர் அறை திறந்தால், செவ்வாய், வியாழன் இரவுகளில் முகப்பில் உட்கார்ந்து சாவி கொடுக்க நான் வருகிறேன். வருபவரின் பெயர் கேட்க மாட்டேன். பத்தரைக்கு விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் காவலரிடம் ஒப்படைப்பேன். என் கணவர் வேனில் வந்து என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஈசூன் குடியிருப்பாளர் ஒருத்தி