கொடிசியா மைதானத்தில் கிளைடர் ஒட்டிக்கொடுத்த அண்ணாவுக்கு

போன ஞாயிறு சாயங்காலம் கோவை கொடிசியா மைதானத்தில், திடீரென்று அடித்த காற்றில் என் மகளின் பால்சா கிளைடர், அதாவது லேசான பால்சா மரத்தில் செய்த இன்ஜின் இல்லாத குட்டி விமானம், மூக்குக் குத்தி விழுந்து இடது இறக்கை முறிந்துபோனது. அவள் கண் கலங்குவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள் அண்ணா, நாங்கள் யாரும் கூப்பிடவே இல்லை.

"சிராய் ஒண்ணு விடாம பொறுக்கு பாப்பா, முறிஞ்ச ஓரத்தை மட்டும் வெட்டிராத, அது அப்படியே பொருந்தும்" என்று சொல்லி நீங்களும் மண்டி போட்டுத் தேடினீர்கள். முதலில் பசை இல்லாமலே சேர்த்துப் பார்த்து, அப்புறம் சூப்பர் க்ளூவைக் குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்து, முறிந்த எலும்புக்குப் புத்தூர் கட்டு போடும்போது மூங்கில் பத்தை வைப்பதுபோல இறக்கையின் நடுத்தண்டுக்கு இருபுறமும் மெல்லிய பால்சா பட்டை ஒட்டினீர்கள். அந்தப் பட்டையின் முனைகளைக்கூடச் சரிவாகத் தேய்த்தீர்களே, சதுரமாக விட்டால் அடுத்த அடியில் சரியாக அந்த முனையில்தான் முறியும் என்று. அதை நான் மறக்கவே மாட்டேன். பசையும் எடைதான், அளவாக வை என்று அவளுக்குச் சொன்னதையும்தான்.

இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, விரல் நுனியில் நிறுத்திச் சமநிலையும் சரிபார்த்து, அவள் கையிலேயே கொடுத்து எறியச் சொன்னீர்கள். நேராகப் பறந்தது! நாங்கள் எடுக்க ஓடித் திரும்புவதற்குள் நீங்கள் கிளம்பியிருந்தீர்கள்.

ரொம்ப நன்றி அண்ணா. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அடுத்த கிளைடரை அவளே செய்து உங்களிடம் காட்ட வேண்டுமாம்.