பள்ளித் தோட்டத்துக்கு முதலில் தண்ணீர்த் தொட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட வெளிநாட்டு அமைப்புகளும் வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் உதவ வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, சாயல்குடி பக்கம் தோட்டம் சாவது விதை இல்லாமல் இல்லை. போர் போட்டால் உப்புத் தண்ணீர், குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்போது வரும் என்று குடத்தோடு நிற்கிற ஊர்கள், இதில் ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டிவிட்டு ஜூனில் வந்து திறந்தால் காய்ந்த குச்சிதான் நிற்கும், மிச்சத்தை ஆடு மேய்ந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

பணம் அனுப்புகிறவர்கள் முதலில் மாடித் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டித் தரட்டும். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் கணக்குப்படி 1,000 லிட்டர். நமக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான், அப்போது பிடித்து வைத்தால் அதற்கப்புறமும் கீரை, கத்தரி, அவரைக்கு ஊற்றலாம். சத்துணவுத் தட்டு கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பப்பாளிக்கும் வாழைக்கும் திருப்பலாம். வேலிக்குக் காசே வேண்டாம், கண்மாய் நிறையச் சீமைக் கருவேல முள் கிடக்கிறது, அதற்காவது உதவட்டும். அப்புறம் மே மாதம் தண்ணீர் ஊற்ற ஊரில் ஒருவருக்குச் சம்பளம். இதைக் கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள், போட்டோவில் வராதே!

சிறு விவசாயிக்கும் இதே கதைதான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சரி, ஆனால் குறியீட்டை வைத்துக்கொண்டு கமிஷன் மண்டியில் விலை பேச முடியுமா? துபாயிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் ஒரு கிராமத்து உழவர் குழுவிடம் நேரடியாக வாங்கலாம். அதற்கு முன்னால் தார்ப்பாயும் சூரிய உலர்த்தியும் வாங்கிக் கொடுக்க வேண்டும், ரோட்டோரம் காயப்போட்ட வற்றல் பனியில் நனைந்து பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுச் சோதனையில் சரக்கு திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று. மலேசியக் குடியுரிமை வாங்கியவர் பணம் கொடுத்தால், நம் ஆள் என்றாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்குகிற அமைப்பு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. இந்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சட்டம் குறுக்கே வராது. ஆகவே அவர்கள் முதலில் ஆரம்பிக்கலாம், தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டு. தொட்டி வேலை ஆவணிக்குள் முடிந்தால்தான் இந்த வருட மழை கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மிளகாய் விவசாயி,
சாயல்குடி.