பச்சிளங்குழந்தைக்கும் வலிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'பிறந்த குழந்தைக்கு என்ன வலி தெரியப்போகிறது' என்று இன்னும் பலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1980கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமலேயே அறுவை சிகிச்சை நடந்ததுண்டு, 1987ல் மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த எண்ணத்தை அசைத்தன.

குழந்தையால் சொல்ல முடியாது, சரி. ஆனால் புருவம் சுருங்குவது, கண்ணை இறுக்கி மூடுவது, கை கால் விறைப்பது, இதயத்துடிப்பு ஏறுவது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குவது என்று உடம்பு முழுக்கச் சொல்கிறதே! இவற்றுக்கு மதிப்பெண் போட்டு வலியை அளக்கும் முறைகளும் இருக்கின்றன. குறைமாதக் குழந்தை களைத்துப்போய் அழாமலே கிடக்கலாம், அதனால் அழுகையை மட்டும் நம்பக் கூடாது.

குதிகாலில் ரத்தம் எடுக்கும்போதும் தடுப்பூசி போடும்போதும் தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலே, அல்லது வெறும் மார்போடு அணைத்துக்கொண்டாலே வலி நன்றாகக் குறைகிறது. செலவே இல்லை, பிறகு ஏன் தாயை வெளியே அனுப்ப வேண்டும்? குத்துவதற்கு 2 நிமிடம் முன் நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விடுவதும் உண்டு, ஆனால் அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் யாரும் முயல வேண்டாம். அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு இதெல்லாம் போதாது, முறையான வலி மருந்து வேண்டும்.

பெற்றோர்களே, ஊசிக்கு முன் 'குழந்தையை நான் வைத்துக்கொள்ளலாமா' என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்